பேரு அவங்களுக்கு, மலை இவங்களுக்கு

கம்பெனியோட சந்தை மதிப்பை ஏத்தறது எப்படின்னு கேட்டா, நம்ம எம்.பி.ஏ. நண்பர்கள் உடனே டாடா டீயை இழுப்பாங்க. லண்டன்ல குப்பை கொட்டற நான் இதை எத்தனை மீட்டிங்ல கேட்டிருக்கேன்! 2000-ல 271 மில்லியன் பவுண்டுக்கு டெட்லியை வாங்கினாங்களாம். 2005-ல மூணாறு தோட்டங்களைக் கழட்டி விட்டாங்களாம். ஆஹா, ஓஹோ.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம் மக்களே. பங்கு விலையை மொத்தப் பங்குகளால பெருக்கினா வர்றதுதான் சந்தை மதிப்பு. அந்த விலை நேத்து சம்பாதிச்சதுக்கு இல்லை, நாளைக்கு சம்பாதிப்பான்ங்கற நம்பிக்கைக்கு. தோட்டக்காரனுக்கு ஏலத்துல விலை விழுந்தா லாபம் போச்சு. ஆனா கூலி, லயத்து வீடு, ஆஸ்பத்திரின்னு சட்டம் சொல்ற செலவு நிக்காது. பாக்கெட் போட்டு விக்கிறவனோ விலையைத் தானே வைக்கிறான். அதனால தோட்டத்தைக் கணக்குப் புத்தகத்துலேர்ந்து எடுத்துட்டாலே, போட்ட முதலுக்கு வர்ற லாப விகிதம் நிமிர்ந்துடும். ஒரு கிலோ கொழுந்து கூடப் பறிக்க வேண்டாம்!

சரி, எடுத்த சுமை எங்கே போச்சு? கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ்னு புதுக் கம்பெனி. பெரும்பான்மைப் பங்கு தொழிலாளிங்க கையில. டாடாவும் ஒரு பங்கை வெச்சுக்கிச்சு. பீர்மேட்டுல தோட்டத்தைப் பூட்டிட்டு ஓடின முதலாளிங்களுக்கு இது எவ்வளவோ மேல், டிவிடெண்ட் வந்த வருஷங்களும் உண்டு, மறுக்கலை. ஆனா அந்தப் பங்கு எந்த எக்ஸ்சேஞ்சுலயும் பட்டியலிடாத பங்கு. ஒருத்தருக்கு சந்தை மதிப்பு ஏறுச்சு, இன்னொருத்தருக்கு சந்தையே கிடையாது.

2015 செப்டம்பர்ல லாபம் குறைஞ்சுடுச்சுன்னு 20 சதவீத போனஸை 10 ஆக்கினாங்க. 'முதலாளியம்மா'வோட தினக்கூலி அப்போ 232 ரூபாய். சங்கத் தலைவர்களை ஒதுக்கி வெச்சுட்டு, பெண்கள் மூணாறு ரோட்டுல உக்காந்தாங்க. பெம்பிளை ஒருமைன்னு பேர் வந்தது அப்போதான். ஒன்பது நாள்ல 20 சதவீதத்தை வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. நஷ்டம்னா முதலாளி, முடிவெடுக்கும்போது கூலியாள்னா யார் பொறுப்பாங்க?

உண்மையிலேயே அந்த மலையோட மதிப்பை ஏத்தணும்னா ஏலத்தை நம்பாம பாக்கெட்ல விக்கணும். ரிப்பிள்னு ஒரு டீயை விக்கறாங்கதான். ஏன் ரிப்பிள்? 'கண்ணன் தேவன்'ங்கற பேர்ல டீ விக்கற பிராண்ட் டாடாகிட்டயே தங்கிடுச்சே! அந்த மலையோட பேர் அது. அதுக்கு மலைக்காரங்களுக்கு ராயல்டி தரணும்னு எந்த அனலிஸ்ட் எழுதியும் நான் படிச்சதில்லை.