இருமுறை அகதியான மடு மாதா

ஆவணித் திருவிழாவுக்கு மருதமடுவில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுகின்றனர். தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் மரநிழலிற் கூடாரமடித்துச் சமைத்துண்டு, ஒரே சந்நிதியில் முழந்தாளிடுகின்றனர். பாம்புக்கடிக்கு மருந்தென நம்பி அவ்விடத்து மண்ணை முடிந்துகொண்டு ஊர் திரும்புகின்றனர். கண்கொள்ளாக் காட்சிதான்! ஆயினும், அந்த மண்ணில் மருந்து மட்டுமா உண்டு? அபயம் தேடி வந்தோரின் கண்ணீரும் குழந்தைகளின் குருதியும் அதிற் கலந்துள்ளன என்பதை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

மடுவின் சரித்திரம் அடைக்கலத்தின் சரித்திரம். மன்னாரிற் கிறிஸ்தவத்தைத் தழுவிய மக்களை 1544ஆம் ஆண்டிற் கொன்று குவிப்பித்தவன் அந்நியன் அல்லன். யாழ்ப்பாணத்தை ஆண்ட தமிழ் மன்னன் சங்கிலியே. இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் பிறர் செய்த கொடுமைகளை மட்டும் பேசுவது நேர்மையாகாது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரை விரட்டினர். அப்பொழுது மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தை ஏறக்குறைய 20 குடும்பத்தினர் சுமந்துகொண்டு, 1670ஆம் ஆண்டளவில் வன்னிக் காட்டின் நடுவே மருதமடுவை அடைந்தனர் என்பது வழிவழி வந்த வரலாறு. அது மாதாவின் முதல் அகதிப் பயணம்.

காட்டுக் குடிலிற் பிழைத்த அவ்வழிபாடு ஆங்கிலேயர் காலத்திலே தலைநிமிர்ந்தது. இன்றுள்ள பெருங்கோயிலைக் கட்டும் பணியை 1872இல் ஆயர் பொஞ்சீன் தொடக்கிவைத்தார். 1924ஆம் ஆண்டு யூலை 2ந் திகதி, பாப்பரசரின் அங்கீகாரத்துடன் திருச்சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. மாட்டு வண்டிகளிற் கூடாரமிட்டு விவசாயிகள் குடும்பங் குடும்பமாக அங்கு சென்றனர். மடு வீதி நிலையத்தில் தென்னிலங்கை யாத்திரிகர் புகையிரதத்தால் இறங்கினர். அந்நிய ஆட்சியிலே கட்டப்பட்டதாயினும், அக்கோயில் இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று.

பின்னர் வந்தது எம் காலத்து யுத்தம். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது, வீடும் வயலும் விட்டோடிய மக்கள் மடுவை நாடினர். கோயில் வளவு அகதி முகாமாயிற்று. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் அங்கே நிவாரண நிலையம் நடத்தியது. கொட்டிலும் கூடாரமும் ஊராயின. மாதாவின் காலடியில் குண்டு விழாது என்ற நம்பிக்கை ஒன்றே அம்மக்களுக்கிருந்த அரண்.

அந்த அரணும் உடைந்தது. 1999 மார்ச்சில் மடுவை இராணுவம் பிடித்தது. நவம்பரில் விடுதலைப் புலிகள் பெரும் தாக்குதலைத் தொடுத்தனர். அம்மாதம் 20ந் திகதி இரவு ஷெல்கள் கோயிலிலேயே வீழ்ந்தன. ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் குழந்தைகள். நாமல்ல, மற்றவரே எறிந்தனர் என இரு தரப்பினரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். இறந்த குழந்தைக்கு அந்த வாதத்தால் ஆவதென்ன?

2008 ஏப்ரலில், போர் மீண்டும் மடுவை நெருங்கி ஷெல்கள் அண்டை அயலில் வீழ, குருமார் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். ஒல்லாந்தர் காலத்து ஓட்டத்தின் பின் 338 ஆண்டுகள் கழித்து, மாதா மீண்டும் அகதியானாள்! அவ்வாண்டு ஓகஸ்டிலேயே சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. மடுவை ஆயுதமற்ற சமாதான வலயமாக்குங்கள் என மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு விடுத்த வேண்டுகோள் செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒரு கோயிலை அடைக்கலமாக்குவன சுவர்களல்ல. ஆயுதம் ஏந்தியோர் வெளியே நிற்கச் சம்மதிப்பதே அதனை அடைக்கலமாக்குகின்றது. உள்நாட்டுப் போர்களில் வணக்கத்தலங்களைத் தாக்குவதையும், படைத்தேவைக்குப் பயன்படுத்துவதையும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு இரண்டாவது மேலதிக உடன்படிக்கை தடைசெய்கின்றது. எமது யுத்தம் நடந்த காலம் முழுவதிலும் இலங்கை அதிற் சேர்ந்திருக்கவில்லை. அரசாள்வோர் எவராயினும், அக்கடப்பாட்டை மனமார ஏற்று நடத்தல் அவர்தம் கடன்.

எமக்கும் கடன் உண்டு. 2015 ஜனவரி 14ந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். உலகம் ஒரு நாள் திரும்பிப் பார்த்தது; பின் மறந்தது. நாமும் மறக்கலாமா? அந்த இரவைக் கண்டோர் இன்னும் வயலிலும் வரம்பிலும் நம்மிடையே வாழ்கின்றனர். சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! அவர்களிடம் செல்லுங்கள். சொல்வதை அவர்கள் சொல்லிலேயே, பெயரும் நாளும் வழுவாமல் எழுதி வையுங்கள். விவசாயப் பெருமக்களே! கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். எறிந்தவன் எவனாயினும் சொல்லுங்கள்.

1670இல் அந்த ஏழைக் குடும்பங்கள் சொரூபத்தைக் காட்டில் விட்டுவிட்டு ஓடவில்லை; தோளிற் சுமந்தன. மாண்டவர்களின் நினைவைச் சுமக்கும் முறை இன்று எம்முடையது.