பித்தென்று எழுதிய ஏடு

உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பாகுபாடு 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. புதிய அளவுகோல் கைக்கு வந்ததும், முன்னாளில் பித்தர் என்று எழுதப்பட்டோரின் ஏடுகளை அதனால் அளந்து பார்க்கும் எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், அளக்கப்படுவது நோயாளரா, அன்றி ஏட்டை எழுதியவரா என்பதே என் வினா.

மனநோய்களை வகைப்படுத்தித் தந்த செர்மானிய அறிஞர் கிரேப்பலின், 1908இல் மூனிக் நகரில் கண்ட நோயாளரின் குறிப்புகளை ஜப்லென்ஸ்கி முதலியோர் 1993இல் புதிய முறைகளால் சோதித்தனர். கிரேப்பலினின் முடிபுகள் பெரும்பாலும் நிலைத்தன. அவர் ஒவ்வொரு நோயாளருக்கும் தனி அட்டை எழுதி வைத்தவர். ஆதலின் மறுசோதனைக்கு இடமிருந்தது. அதே அறிஞர் 1886 முதல் 1891 வரை, இன்று எஸ்தோனியாவிலுள்ள தோர்ப்பாத் நகரில் பணியாற்றியபோது, நோயாளர் பலரின் மொழியை அறியாதவராய், மொழிபெயர்ப்போர் வாய்வழியே அவர்களை உசாவ நேர்ந்தது.

நம் மலைநாட்டை இதனோடு ஒப்பிட்டு நோக்குவோம். நுவரெலியாவிலும் அட்டனிலும் லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் பேசியது தமிழ். வெள்ளைத் துரை எழுதியது ஆங்கிலம். பித்தரைக் காவலில் வைக்க 1873இல் இயற்றப்பட்ட சட்டமும் ஆங்கிலத்திலேயே இருந்தது. 1926இல் நிறுவப்பட்ட அங்கொடை மருத்துவமனையோ மலையினின்றும் வெகுதொலைவில், கொழும்பை அடுத்து நின்றது.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். குழந்தை பெற்றுப் பத்து நாளான கொழுந்துக்காரி ஒருத்தி உறக்கமின்றித் தனக்குத்தானே பேசுகிறாள். உறவினர் பேய் என்று கோடாங்கியை அழைப்பர். ஏட்டில் "பித்து" என்ற ஒரு சொல் விழும். இன்றைய மருத்துவர் வினவுவன வேறு: பேறு நிகழ்ந்து எத்தனை நாள்? காய்ச்சல் உண்டா? முன்பு அளவிறந்த களிப்போ சோர்வோ வந்ததுண்டா? மூன்று மாதத்துள் தெளிந்தாளா? விடைக்கேற்ப அது பேற்றுப் பித்தாகவோ, இருமுனைக் கோளாறாகவோ, குறுகிய கால உளப்பிறழ்வாகவோ, மனச்சிதைவாகவோ கொள்ளப்படும். இவற்றுள் ஒன்றும் எழுதப்படாத ஏட்டினின்று எந்தப் பாகுபாடும் உண்மையைக் கறந்துவிட முடியாது.

இது வெறும் சொற்போர் அன்று. இலங்கையில் மனச்சிதைவுற்றோரை ஐந்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்த நான்சி வாக்ஸ்லர், அவர்களுள் பலர் நன்கு தேறியதை 1979இல் எடுத்துக்காட்டினார். அதற்குச் சமூகத்தின் மனப்பாங்கே காரணம் என்று கருதினார். இத்தகைய ஆய்வுகளை ஐயுறுவோரோ, தேறியவர்களுட் சிலர் குறுகிய கால நோயினரே ஆகலாம் என்பர். இவ்விரு கூற்றுக்கும் இடையே ஒரு மனிதரின் வாழ்வு ஊசலாடுகிறது. சில வாரங்களில் நீங்கும் நோய்க்கு ஆயுட்காலப் பெயர் சூட்டினால், அவர் திருமணமும் வேலையும் அப்பெயரோடு போய்விடும்.

மாண்டவர்க்குப் புதுப்பெயர் சூட்டுவதினும், இன்று வருவோரின் சொல்லைச் சிதையாமல் எழுதுவதே கடன் என்பேன். நோயாளர் கூறியதை அவர்தம் மலையகத் தமிழிலேயே, நாளும் பொழுதும் குறித்து எழுதுக. நாளை 12ஆவது பாகுபாடும் வரும். அப்போது நம் ஏட்டைப் புரட்டுவோர்க்கு, நம் தீர்ப்போடு அம்மனிதரின் குரலும் கேட்க வேண்டும்.