ரெண்டு டிஸ்க்கை ஒட்டிட்டா பாதுகாப்பாயிடுமாய்யா?

"எல்விஎம் போட்டுட்டேன், டேட்டாவைப் பத்தி இனி கவலையே இல்ல"ன்னு இன்னொருத்தரும் சொல்லிட்டாரு. முடியல சாமி.

எல்விஎம் நல்ல சரக்குதான், அதுல சண்டையில்லை. 1998ல் லினக்ஸுக்கு வந்தது. டிஸ்க்கையெல்லாம் ஒரே வால்யூம் குரூப்புல போட்டா, 4 எம்பி துண்டுகளா நறுக்கி வெச்சுக்கும். வேணுங்கிற அளவு அள்ளி லாஜிக்கல் வால்யூம் பண்ணிக்கலாம். ஹோம் நிறைஞ்சா மெஷினை நிறுத்தாமலே பெருசாக்கலாம். பார்ட்டிஷனை மாத்தி மாத்தி ராத்திரி முழுக்க முழிச்சவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனா மக்கா, அது இடம் பிரிச்சுக் குடுக்குற ஆளு, காவல்காரன் இல்ல. நீங்களா மிரர் கேட்டாத்தான் ரெண்டு காப்பி. கேக்கலைன்னா 'லீனியர்', அதாவது ஒரு டிஸ்க் முடியுற இடத்துல அடுத்தது ஆரம்பிக்கும். ரெண்டுல எது மண்டையைப் போட்டாலும் வால்யூம் நாசம். ஆபத்தைக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கிட்டு பாதுகாப்புன்னு பேரு வெக்கிறோம்!

நானும் இதே முட்டாள்தான். புது 1 டெராபைட்டோட பழைய 500 ஜிபியை ஒட்டினேன். எட்டே மாசத்துல பழசு போயிடுச்சு. மெட்டாடேட்டா பேக்கப் பத்திரமா இருந்துச்சு. எந்தத் துண்டு எங்கேங்கிற வரைபடம்தான் அது. வீட்டு பிளான் கையில, வீடு தரைமட்டம். மிச்ச டிஸ்க்கை பார்ஷியல் மோடுல எழுப்பி கொஞ்சம் அள்ளினேன். சினிமாவெல்லாம் வந்துச்சு. கேசட்டுலேர்ந்து மாத்தி வெச்சிருந்த ஆச்சியோட பேச்சு, 40 நிமிஷம், வரல. கேசட் அதுக்கு முன்னாடியே பூசணம் புடிச்சு குப்பைக்குப் போயாச்சு.

"ஸ்னாப்ஷாட் இருக்கே"ம்பாங்க. அது உக்காந்திருக்கிறதும் அதே வால்யூம் குரூப்புலதானே? மாறின துண்டுகளோட பழைய காப்பியை மட்டும்தான் அது வெச்சிருக்கும். மாறாததுக்கெல்லாம் மூல வால்யூமைத்தான் கையைக் காட்டும். சாதா ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கின இடம் ரொம்பிடுச்சுன்னா அதுவே செல்லாக்காசு. கன்சிஸ்டென்ட்டா பேக்கப் எடுக்க ஸ்னாப்ஷாட் உதவும், ஒத்துக்குறேன். ஆனா அந்த பேக்கப் வேற டிஸ்க்குக்குப் போகணுமே ராசா.

எல்விஎம்லயே ரெய்டு 1 வசதி இருக்கு. பாதி இடம் போகும், போகட்டும். அதுவும் தப்பா அழிச்சதைத் திருப்பித் தராது.

இன்னிக்கே எல்விஎஸ் கமாண்டுல டைப்பையும் டிவைஸையும் சேத்துக் கேட்டுப் பாருங்க. ஒரே வால்யூமுக்கு லீனியர்னு ரெண்டு வரி, ரெண்டு டிஸ்க் பேரு வந்துச்சுன்னா, கடை மூடுறதுக்குள்ள ஓடிப்போய் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிட்டு வாங்க. அதையும் கொண்டாந்து அதே குரூப்புல சேத்தீங்க, நடக்குறதே வேற :-)