உவர்க் கிணறுகளையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

டெங்கு ஒழிப்பு புகையடிப்போடு நின்றுவிடக் கூடாது என்ற உங்கள் கட்டுரை முற்றிலும் சரி. புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், குடம்பி தப்பிவிடும்.

நான் மேற்பார்வைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். கரையோர வீடுகளில் டயர், பூச்சாடி, கூரைப்பீலி எல்லாம் காட்டுவார்கள். கைவிட்ட கிணற்றைக் கேட்டால், "அது உவர்த் தண்ணி ஐயா, நுளம்பு வராது" என்பார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் குடம்பிகள் நெளியும். உவர்நீரிலும் டெங்கு நுளம்பு பெருகுவதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கண்ட ஆய்வாளர்கள் 2011இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். அது இன்னும் வீடுகளுக்குப் போய்ச் சேராதது பெரும் குறை.

மாரி மழைக்கு முன்னரே மாநகர சபை கடற்றொழிலாளர் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, பாழ்கிணறுகளுக்கு வலை மூடியோ குடம்பி தின்னும் மீனோ இடவேண்டும். கரையேற்றிய வள்ளங்களில் தேங்கும் நீரையும் அகற்றுவிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர்,
கொழும்புத்துறை.