முறைப்பாடு எட்டாயிரம், தீர்ப்பு எத்தனை?

இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்துவதா, அடியோடு நீக்குவதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதன் காவலர்கள் பெண்களையும் பிள்ளைகளையும் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். 2024 ஜனவரி 24ஆம் திகதி ஆதரவாக 108, எதிராக 62 வாக்குகளுடன் அது நிறைவேறியபோதும் இதுவே நடந்தது. முந்தைய ஆண்டில் மட்டும் 8,000க்கும் அதிகமான இணையக் குற்ற முறைப்பாடுகள் வந்தன என்றார் அன்றைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் டிரான் அலஸ். பாலியல் துஷ்பிரயோகமும் பண மோசடியும் தரவுத் திருட்டும் சேர்ந்த மொத்தக் கணக்கு அது. சரி, எட்டாயிரம் என்றே இருக்கட்டும். அவற்றில் எத்தனை சட்டமா அதிபரின் மேசையைத் தாண்டி மேல் நீதிமன்றத்துக்குப் போயின, எத்தனை பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்? முறைப்பாட்டுக் கணக்கு நோயின் அளவைச் சொல்லும். மருந்து வேலை செய்கிறதா என்பதைத் தீர்ப்புக் கணக்குத்தான் சொல்லும்.

சட்டமே இல்லாமல் தவித்தோம் என்பது வெறும் கதை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 286அ பிரிவின்படி, சிறுவரை வைத்து ஆபாசப் படம் எடுப்பது, விற்பது, பரப்புவது மட்டுமன்றி அத்தகைய படத்தை உடைமையில் வைத்திருப்பதும் குற்றம். தண்டனை இரண்டு முதல் பத்து ஆண்டுகள். 2006ஆம் ஆண்டுத் திருத்தம், கணினிச் சேவை வழங்குவோருக்கும் கடமை விதித்து, சிறுவரைப் பாலியல் நோக்கத்துடன் அணுகி அழைப்பதையும் தனிக் குற்றமாக்கியது. அக்கரையைப் பாருங்கள். கைத்தொலைபேசியில் சிறுவர் ஆபாசக் காணொளிகளைத் தரவிறக்கியிருந்த ஓர் இளைஞர் மீதான வழக்கை, அது குற்றமாகாது என்று கூறி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் செப்டெம்பர் 23ஆம் திகதி வரை ஆனது. பார்ப்பது வேறு, வைத்திருப்பது வேறு, பரப்பும் எண்ணம் வேறு என்று அங்கே 2024இல் வாதாடிய விடயத்துக்கு, இணையம் இந்நாட்டில் வாசற்படி ஏறத் தொடங்கிய காலத்திலேயே நம்முடைய சட்டத்தில் எழுத்து இருந்தது. எழுத்தில் இந்தியாவை முந்தினோம். இந்தியா ஒன்பது மாதத்தில் தன் பிழையைத் திருத்தியது. நாம் சரியான சட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம்.

2021இல் கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தள விளம்பரங்கள் மூலம் விற்கப்பட்டது வெளிவந்தது. கைதுகள் 40ஐத் தாண்டின. அயல்நாட்டு முன்னாள் இராஜாங்க அமைச்சர், கடற்படை வைத்தியர், பிரதேச சபை உப தவிசாளர் என்று பத்திரிகைகள் நாளொரு கைதாக எழுதின. பிறகு பிணை, தவணை, அடுத்த தவணை. இங்கே விளைவுகள் தலைகீழாக நிற்கின்றன: கைதானவரின் படம் அன்றே முகப்புத்தகத்தில் ஏறி வேலையும் மானமும் போய்விடுகின்றன, அவர் நிரபராதியாக இருந்தாலும். குற்றவாளிக்கோ வழக்கு இழுபடும் ஆண்டுகள் அத்தனையும் இலாபம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முறைப்பாடு கொடுக்கப் போகும் தமிழ்ப் பெண்ணின் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. தன்னால் வாசிக்க முடியாத தாளில் அவள் கையொப்பமிடுகிறாள். கைத்தொலைபேசி உறையிலிடப்பட்டு அரக்கு முத்திரையுடன் பரிசோதனைக்குப் போகிறது. அறிக்கை வரவில்லை என்று புதுக்கடை நீதிமன்றத்தில் பொலிஸார் சொல்ல, வழக்கு அடுத்த தவணைக்குத் தள்ளப்படுகிறது. இந்த உறையைத் திறக்க ஆள் போடாத அரசாங்கம், ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவை நியமித்து எது பொய், எது மெய் என்று தீர்மானிக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் செய்தது. இதைப் பிள்ளைகளின் பெயரால் செய்தது வெட்கக்கேடு.

தண்டனையைக் கூட்டினால் பயம் வரும் என்பார்கள். குறைந்தபட்சத் தண்டனை என்ற கடிவாளம் நீதிபதியின் தற்றுணிபைக் கட்டாது என்று 2008இல் இலங்கை உயர் நீதிமன்றமே, அநுராதபுரத்திலிருந்து வந்த ஆற்றுப்படுத்தல் ஒன்றில் சொல்லிவிட்டது. சட்டத்தில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு ஒருவர் வீடு திரும்ப வழியுண்டு. அமெரிக்காவைப் போல் குற்றவாளிகளின் பெயரைப் பகிரங்கப் பட்டியலிடலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: தீர்ப்பே வராத நாட்டில் பட்டியலில் யாரை எழுதுவது? பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கும் 365இ பிரிவைக்கூட மதிக்காத ஊர் இது. இங்கே அத்தகைய பட்டியல் அடியாட்களுக்கு முகவரிப் புத்தகமாகவே பயன்படும்.

வளர்ந்த பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் பழிவாங்கப் பரப்புகிறவனைப் பிடிக்க 1927ஆம் ஆண்டு ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் போதாது. படத்தை அனுப்பிய பெண்ணையே அது குற்றவாளியாக்கக்கூடும். அந்த ஓட்டையைப் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு ஓரளவு அடைக்கிறது என்பது உண்மை. அந்தப் பிரிவைப் பெயர்த்துத் தண்டனைச் சட்டக்கோவையில் நட்டால் போதும். கூடவே பொலிஸ் நிலையத்தில் தமிழில் எழுதத் தெரிந்த அலுவலர், பரிசோதனை அறிக்கைக்குக் காலக்கெடு, இத்தகைய வழக்குகளைத் தொடர்ந்து விளங்க ஒரு நீதிமன்றம்: இவை மூன்றும் வேண்டும். மீதிச் சட்டம் முழுவதும் நாளைக்கே ஒழிந்தாலும் ஒரு பிள்ளைகூடப் பாதுகாப்பை இழக்கப்போவதில்லை. இழப்பவர்கள், விமர்சனத்துக்கு அஞ்சும் அமைச்சர்கள் மட்டுமே.