கச்சான் காற்றின் மணத்துக்கு யார் விலை பெறுகிறார்கள்?

ஹல்துமுல்லையில் இருந்து ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஏறும் மலைகளில் யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும். வறண்ட அந்தக் காற்றில் தேயிலைச் செடி தளிர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். அப்படி வாடி வளரும் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய, தைல வாடை கலந்த மணம் ஏறுகிறது. உலகெங்கும் தேயிலையை ருசிபார்த்துச் சேகரிப்பவர்கள் தேடுவது இந்த மூன்று மாதத் தேயிலையைத்தான்.

ஆனால் இதே தேயிலையின் மதிப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. யப்பானில் டார்ஜிலிங், சீனாவின் கீமன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் மூன்று பெருந்தேயிலைகள் என்பார்கள். அங்கே இது சிறிய பொதிகளில், பருவம் குறிப்பிட்டு விற்கப்படும் பொருள். மேற்கு நாடுகளின் பல்பொருள் அங்காடிகளிலோ 'சிலோன் ரீ' என்றால் மலிவான தேயிலைப் பை என்றே பலர் நினைக்கிறார்கள். மலிவாகக் கிடைப்பதை ரசிகர் உயர்வாக எண்ணுவது அரிது. நாக்குக்கு முன்னே விலைச்சீட்டு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இலங்கைக்குள்ளேயும் இந்த முரண் உண்டு. 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்தில், அண்மைக் காலத்தில் சராசரியாகக் கூடிய விலை பெறுவது மலைநாட்டுத் தேயிலை அல்ல. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைதான். ஈராக், துருக்கி, ரஷ்யா போன்ற சந்தைகள் அந்தக் கறுத்த, முறுக்கிய இலையை விரும்புகின்றன. மணத்துக்குப் பெயர்போன ஊவா, வருடத்தின் பெரும்பகுதியில் அதைவிடக் குறைந்த விலைக்கே போகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பல தோட்டங்களில் ஒரு பேருக்குக் கேட்கப்படுவது 18 கிலோ கொழுந்து. அதிலிருந்து ஏறத்தாழ 4 கிலோ தேயிலை கிடைக்கும். ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கிராம் என்றால் அது 1,600 கோப்பை. 2024 இல் ஏலச் சராசரி கிலோ 1,200 ரூபாவை ஒட்டி இருந்தது. அதன்படி ஒருவரின் நாள் உழைப்பு ஏலத்தில் ஏறக்குறைய 4,800 ரூபா. உரம், விறகு, மின்சாரம், தொழிற்சாலைச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சம்பளத்தைக் கூட்ட முடியாது என்று கம்பனிகள் சொல்வது இந்த ஏல விலையைக் காட்டித்தான். வெளிநாட்டு ரசிகர் ஐம்பது கிராம் பொதிக்குக் கொடுக்கும் விலை சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதே இல்லை.

நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், அரசின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவும் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு உயர்வும் நீண்ட போராட்டத்தின் பின் வந்ததே.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. மணம் ஏறும் அதே கச்சான் மாதங்களில்தான் கொழுந்து குறைகிறது. மலை முழுக்க நடந்தாலும் கூடை நிரம்பாது. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர். ரசிகருக்கு அருமையான பருவம் எதுவோ, கொழுந்து பறிப்பவளுக்கு அதுவே வருமானம் சுருங்கும் பருவம். அவள் வீட்டு அடுப்பில் கொதிப்பதோ பெரும்பாலும் தூள்.

ஊவாவுக்கும் டார்ஜிலிங் போலப் பெயர் எடுத்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2014 இல் டார்ஜிலிங்கின் மகைபாரித் தோட்டத் தேயிலை கிலோ 1,850 டொலருக்கு விற்றது. ஆனாலும் 2023 இல் அங்கே தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 250 இந்திய ரூபாவாகத்தான் உயர்த்தப்பட்டது. பெயரும் விலையும் தாமாக லயத்துக்கு இறங்கி வருவதில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. பருவத் தேயிலைக்குக் கிடைக்கும் மேலதிக விலையில் தொழிலாளிக்குப் பங்கு எழுத்தில் வேண்டும். கச்சான் மாதங்களில் கிலோ அளவு குறைக்கப்பட வேண்டும். காற்றின் குற்றத்துக்கு அரைப்பேர் போடக்கூடாது.

வடக்கு கிழக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. 1977, 1983 வன்முறைகளில் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் 2009 வரை நம்மோடு அதே போரைச் சுமந்தன. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது நாமும் அழுதோம். அந்த மக்களின் உழைப்பு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம் கோப்பைகளில் தினமும் இருக்கிறது. வாங்கும் பொதி எந்தத் தோட்டத்தது, பறித்தவருக்கு என்ன கிடைத்தது என்று கடைக்காரரிடமும் கம்பனியிடமும் கேட்கும் வலு வாங்குபவருக்கே உண்டு. இத்தனை காலமும் அந்தக் கேள்வி தொழிற்சங்க மேடைகளில் மட்டுமே கேட்டது.