இருவர் ஆடும் ஆட்டம்

விளையாட்டு பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடுவது, மணம் முடித்தவர்க்கு அஃது ஒவ்வாது என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், புணர்வை அடுத்து விளையாட்டை வைத்தார். கற்பியலிலோ, தலைவனும் தலைவியும் ஊரெல்லை கடந்து சென்று ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி இன்புறுதற்கு உரியர் என்று விதியே செய்துவைத்தார். இலக்கண நூலிலேயே இதற்கு இடங்கொடுத்த இனம், இன்று மனைவியோடு கணினியில் விளையாடும் இளைஞனைக் கண்டு நகைக்கின்றது!

அட்டனிலும் நுவரெலியாவிலும் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பணிபுரியும் இளந்தம்பதியர் சிலர், தமக்கேற்ற ஆட்டம் எது என்று இப்போது உசாவத் தொடங்கியுள்ளனர். ஒருவர் பாத்திரமேற்று ஒரு கதையினுள் வாழ்ந்து பார்க்கும் ஆட்டங்களும், இருவர் கூடி ஒரு செயலை முடிக்கும் ஆட்டங்களும் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. இவற்றைப் பற்றித் தமிழாசிரியன் பேசலாமா என்று ஐயுறுவோர் உளர். பாத்திரமேற்று ஆடுதல் கூத்து; கூத்து முத்தமிழுள் ஒன்று. வேறு யார் பேசுவது?

மேலும், மலையகத்தார்க்குப் பாத்திரமேற்றல் புதிதன்று. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்து நிகழ்கின்றது. பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் இரவில் மன்மதனாகின்றான், இன்னொருவன் இரதியாகின்றான். விரதங் காத்து ஆடுகின்றனர். சிவன் நெற்றிக்கண் திறந்து மன்மதனை எரிக்கின்றார். இரதியின் புலம்பலுக்கு இரங்கி மீள உயிர் தருகின்றார். கணவனும் மனைவியுமாகிய இருவரின் கதை இது. ஆயினும், மரபு வழியே வரும் கூத்தில் அந்த மனைவி ஓர் ஆடவன். மெய்யான மனைவியர் களரியின் ஓரத்தில் பிள்ளையை மடியில் வைத்துப் பார்த்திருப்பர். கூத்தைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. புதிய ஆட்டங்களிலும் இதே இருக்கை முறை தொடர்வதைக் காண்பதனாலேயே சொல்கின்றேன். கணவன் கையில் கருவி. மனைவி அருகிருந்து பார்க்கின்றாள், அல்லது தேநீர் கொண்டுவந்து வைக்கின்றாள். இதற்கு 'இருவரும் விளையாடினோம்' என்று பெயர்!

ஆகவே தம்பதியர்க்கு ஆட்டம் தெரிவோர் முதலில் நோக்க வேண்டியது, ஒருவர் விலகினால் ஆட்டம் நின்றுவிடுமா என்பதே. நின்றுவிடுமாயின் அது நல்ல ஆட்டம்.

இவ்வளவுகோலுக்கு முழுதும் பொருந்துவது, சுவீடன் நாட்டு ஹேஸ்லைட் நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'இட் டேக்ஸ் டூ'. இதனை ஆக்குவித்த யோசப் பாரிஸ் லெபனானிற் பிறந்தவர். முன்னர்த் திரைப்பட இயக்குநர். மணமுறிவுக்கு ஆயத்தமான ஒரு கணவனும் மனைவியும் தம் மகளின் கண்ணீரால் சிறு பொம்மைகளாக மாறிவிடுகின்றனர். பழைய வடிவம் பெற வேண்டின் இருவரும் சேர்ந்தே வழி காண வேண்டும். ஆட்டத்தைத் தனியொருவர் ஆடவே இயலாது. ஓரிடத்தில் கணவன் கையில் ஆணிகள். மனைவி கையில் சுத்தியல் தலை. அவன் ஆணி எறிந்து சுவரில் பதித்தால்தான் அவள் அதிற் சுத்தியலைக் கொளுவி ஊசலாடித் தாண்ட முடியும். அவள் தாண்டினால்தான் அவனுக்கு வழி திறக்கும். அடுத்த பகுதிக்குச் சென்றால் கருவிகள் மாறிவிடும். ஒருவர் கற்ற வித்தையை வைத்து மற்றவரை அடக்க இடமில்லை. ஒருவர் ஒரு படி வாங்கினாற் போதும், மற்றவர் வாங்காமலே சேர்ந்தாடலாம் என்பதும் நம் சம்பளக்காரர்க்கு உவப்பான செய்தி. கதையின் முடிவு சற்றுச் சருக்கரை மிகுந்தது; அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பாத்திரமேற்கும் ஆட்டங்களுக்கு மூலம், 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடுவது அது. அவ்வழியில் வந்தவற்றுள் தம்பதியர்க்கு நான் சொல்லத் துணிவது, பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனத்தின் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்'. 2014இல் வந்தது. இதில் தலைமைப் பாத்திரங்கள் இரண்டு. வழியில் ஒருவனைத் தண்டிப்பதா விடுவதா என்பது போன்ற வினா எழும்போது இருவரும் தத்தம் கருத்தைச் சொல்லலாம். கருத்து வேறுபட்டால், கல், காகிதம், கத்தரிக்கோல் என்னும் சிறுவர் விளையாட்டினால் முடிவு காண்கின்றனர். நம் வீடுகளில் வேறுபாடு எழும்போது முடிவு காணும் முறையை நினைத்தால், கத்தரிக்கோல் எவ்வளவோ மேல்! போரும் முறை வைத்து நடப்பதால் விரல் வேகம் வேண்டுவதில்லை. எண்ணிப் பார்க்க நேரமுண்டு. பெண்களுக்கு விரல் வேகம் போதாது என்று சில ஆடவர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். நாள் முழுதும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொய்யும் விரல்களின் ஊரிலிருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இனி, இளையோர் பலரும் விரும்பும் 'ஸ்டார்டியூ வேலி'. எரிக் பரோன் என்பவர் தனியொருவராக இயற்றி 2016இல் வெளியிட்டது. பலர் சேர்ந்தாடும் வசதி 2018இல் வந்தது. நகரத்து வேலையில் சலித்தவருக்குப் பாட்டனார் ஒரு பண்ணையை எழுதிவைத்துச் செல்கின்றார்; அங்கே போய் உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி வாழ்கின்றனர். அமைதியான அழகிய ஆட்டமே. ஆனால் மலையகத்தான் ஒருவன் அதன் தொடக்கத்தைக் கண்டு சற்றே நின்றுவிடுவான். 2023இல் நம் மக்கள் இம்மலைகளுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய நம் பாட்டன்மார் பேரப்பிள்ளைக்கு எழுதிவைக்க என்ன வைத்திருந்தனர்? லயன் காம்பிராவும் அவர்களுடையதன்று. காணியுரிமைக் கேள்வி இன்றும் தீரவில்லை. திரையிலேனும் ஒரு துண்டு நிலம் தம்பதியர் பெயரில் இருக்கட்டும் என்பார் ஒருவர். கொழுந்தெடுத்து வந்தவளைத் திரையிலும் பறிக்கச் சொல்வதா என்பார் இன்னொருவர். நான் முன்னவர் பக்கம்.

அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவ்வாட்டத்தில் இருவரது வருவாயும் ஒரே பணப்பையிற் சேரும். விரும்பினால் இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். மனைவி உழைத்த சம்பளத்தைக் கணவன் சென்று கையொப்பமிட்டு வாங்கும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. பொதுப்பையா தனிப்பையா, விதை வாங்குவதா மாடு வாங்குவதா என்று தம்பதியர் திரைமுன் அமர்ந்து பேசித் தீர்ப்பது, அவ்வழக்கத்தை அறிந்தவனுக்கு வெறும் பொழுதுபோக்காகத் தோன்றாது.

தமிழர் கதை சொல்லும் ஆட்டம் ஒன்றும் உண்டு. அதன் பெயரே 'வெண்பா'. கனடாவின் டொரன்டோ நகரத்து விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதியரின் கதை. மனைவி பெயர் வெண்பா, கணவன் பாவலன். யாப்பிலக்கணம் கற்பிக்கும் என் போன்றோர்க்கு இதற்குமேல் பரிந்துரை வேண்டா! தாயின் பழைய சமையற் குறிப்பேடு சிதைந்துபோக, அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டும். இது ஒருவர் ஆடுவது. நான் சொன்ன அளவுகோலுக்கு நேரே பொருந்தாது. எனினும் கருவியைக் கணவன் கையிற் கொடுத்து, மனைவி அருகிருந்து திருத்துவாளாயின், களரியின் இருக்கை முறை ஒருமுறையேனும் தலைகீழாகும்.

இவற்றுட் பலவற்றுக்குக் கணினியோ அதற்குரிய கருவியோ வேண்டும். நம்மவரிற் பெரும்பாலோரிடம் இருப்பது கைத்தொலைபேசி. கணவன் கொழும்பிற் கடையிலும் மனைவி தலவாக்கலையிலுமாக வாழும் குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு 'ஸ்கை: சில்ட்ரன் ஒவ் த லைட்' என்பதைச் சொல்வேன். 2019இல் வந்தது, விலையில்லை. மேகங்களுக்கு மேலே இருவர் கைகோத்துப் பறக்கலாம். தொடக்கத்தில் உரையாடும் வசதியும் இல்லை; மெழுகுவர்த்தி ஈந்து நட்பை வளர்த்த பின்னரே பேச்சு திறக்கும். பிரிவைப் பாடும் பாலைத் திணையில் இப்படியொரு துறை இல்லையே என்று நான் வருந்தியதுண்டு.

ஒன்று மட்டும் எந்த ஆட்டத்தின் உறையிலும் அச்சிடப்படுவதில்லை. மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்புபவளுக்கு அடுப்பு, பிள்ளை, துணி, மறுநாட் காலைக்கான ஆயத்தம் எல்லாம் காத்திருக்கின்றன. ஆசிரியைக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆகையால் ஆட்டத்தின் பெயர் கேட்கும் ஆடவரிடம், இரவுச் சமையலில் அவர் பங்கு யாது என்று முதலில் கேட்கின்றேன். சிலர் சிரித்துவிட்டு மறுபடி அப்பேச்சை எடுப்பதில்லை. ஒருவர் மட்டும் ரொட்டி சுடப் பழகிவிட்டாராம். எட்டு மணிக்கே அடுக்களை அடைபட்டு, இருவரும் திரைமுன் அமர்கின்றனராம்.